சரளைச் சரிவில் காடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, பசிபிக் கடலோர மலைத்தொடர் வழியாகப் பயணம் செய்தோம். சாலைக்காக மலையை வெட்டியிருந்த இடங்களில் மண் மேலிருந்து கீழ்வரை கல்லும் சரளையுமாகவே தெரிந்தது. அதே சரிவில் அண்ணாந்து பார்த்தாலும் நுனி தெரியாத மரங்கள் நிற்கின்றன. நம் சேலம் பக்கத்தில் சரளை நிலம் என்றால் ஆடு மேய்க்கத்தான் ஆகும் என்போம். அங்கு மட்டும் அது எப்படிக் காடாகிறது?
— ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வெட்டுமுகத்தில் கல்தான் கண்ணில் படும், கற்களுக்கு இடையில் என்ன இருக்கிறது என்பதுதான் காட்டைத் தீர்மானிக்கிறது. நீங்கள் பார்த்த மலைகளின் பெரும்பகுதி, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து பின்னர் மேலெழுந்த மணற்பாறையாலும் வண்டற்பாறையாலும் ஆனது. 'டையி' படிவம் என்று அதற்குப் பெயர். இந்தப் பாறை மழையிலும் வேர்களின் நெருக்குதலிலும் உடைந்து, புவியீர்ப்பினால் சரிவில் மெல்ல மெல்லக் கீழிறங்கி, போகும் வழியெல்லாம் இலைமட்கோடும் நுண்மண்ணோடும் கலந்துவிடுகிறது. ஆற்றுச் சரளையைப் போல நீர் உருட்டி வகைபிரித்த கற்கள் அல்ல இவை. கூர்முனையும் தட்டையுமாக, சிறிதும் பெரிதும் கலந்து கிடக்கும். காற்றில் சாயும் மரம் வேரோடு புரளும்போது அடிக்கல் மேலே வருவதும், வளை தோண்டும் விலங்குகள் மண்ணைப் புரட்டுவதும் அந்தக் கலப்பை இன்னும் கூட்டுகின்றன. ஆகவே அங்கே மண் ஓரிடத்தில் நிலைத்து முதிர்வதில்லை. எப்போதும் சரிவில் பயணம் செய்துகொண்டே இருக்கிறது.

மண்ணியலார் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த துகள்களை மட்டுமே நுண்மண் என்று கணக்கிடுகின்றனர். 2 முதல் 75 மி.மீ. வரை சரளை, அதற்கு மேல் 250 மி.மீ. வரை உள்ளவை கையளவுக் கற்கள். அவற்றையும் மிஞ்சியவை பெருங்கற்கள். அமெரிக்க வேளாண் துறையின் வகைப்பாட்டின்படி, மண்ணின் கன அளவில் 15 முதல் 35 விழுக்காடு கல் இருந்தால் அது சரளை மண், 35 முதல் 60 வரை என்றால் மிகு சரளை மண், 60-ஐத் தாண்டினால் அதற்கும் அடுத்த வகை. ஓரிகன் கடலோர மலைகளில் 'போஹானன்', 'டிக்கர்' என்று பெயரிட்டு வரைபடங்களில் குறித்திருக்கும் மண்வகைகள் இப்படிப்பட்டவை. இரண்டிலும் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டருக்குள் பாறை தட்டுப்பட்டுவிடும். முகடுகளில் அதைவிடவும் ஆழம் குறைவு.

இவ்வளவு குறைந்த ஆழத்தில் டக்ளஸ் ஃபிர் என்னும் ஊசியிலை மரம் 200 அடிக்கு மேல் வளர்வதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, மேல்மண்ணில் மட்கு மிகுதியாக இருப்பதால் அது கறுத்து, புட்டைப் போல உதிரியாக, எடை குறைந்து இருக்கிறது. நீரும் காற்றும் தாராளமாக நுழைகின்றன. இரண்டாவது, ஆண்டுக்கு 1,500 முதல் 2,500 மி.மீ. வரையிலும் சில இடங்களில் அதற்கு மேலும் பெய்யும் மழை. அதில் பெரும்பங்கு அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பெய்துவிடுகிறது. கோடை வறண்டதே என்றாலும் கடற்காற்று வெப்பத்தை ஏறவிடுவதில்லை. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை: சிதைந்த மணற்பாறைத் துண்டுகள் தாமே ஓரளவு நீரை உறிஞ்சி வைத்திருக்கும், அடியிலுள்ள பாறையின் வெடிப்புகளிலும் வேர் இறங்கி ஈரம் தேடும். மண் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில் மரத்துக்கு மண் முடிவதில்லை. இவற்றோடு, சரிந்து வெறுமையான இடங்களில் முதலில் முளைக்கும் சிவப்பு ஆல்டர் மரம், தன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. நம் சரளை நிலத்துக்கு இல்லாதவை அந்த மட்கும் மழையும்தான்; கல் இரண்டு இடத்திலும் உண்டு.

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் உள்ளது. மண் பரிசோதனை அறிக்கையில் அங்ககக் கரிமம், சாம்பல்சத்து எல்லாம் போதிய அளவில் இருப்பதாகவே வருகிறது. ஆனாலும் பிப்ரவரி கடந்தால் சரிவான பகுதியில் மட்டும் செடிகள் துவண்டுவிடுகின்றன. அறிக்கை தவறா?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: அறிக்கை தவறன்று, நீங்கள் கொடுத்த மண்ணில் பாதியைத்தான் அது பேசுகிறது. பரிசோதனை நிலையத்தில் மாதிரியை உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கீழே விழும் நுண்மண்ணை மட்டுமே சோதிப்பார்கள். சல்லடையில் தங்கிய கற்கள் கணக்கில் வருவதில்லை. பல நேரங்களில் மாதிரி எடுக்கும்போதே நாம் அவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுகிறோம். ஆகவே அறிக்கை சொல்லும் சத்தின் செறிவு உண்மை. ஆனால் ஓர் ஏக்கரில் அந்தச் சத்து மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடும்போது, கல் பிடித்துக்கொண்ட இடத்தைக் கழித்தாக வேண்டும்.

நீர் விஷயத்தில் இந்தக் கழிவு இன்னும் கடுமையானது. மணலும் வண்டலும் களியும் கலந்த நல்ல இருமண்பாட்டு நிலம் ஒரு மீட்டர் ஆழத்தில் செடிக்குக் கிடைக்கக்கூடிய நீராகத் தோராயமாக 150 மி.மீ. வைத்திருக்கும். கன அளவில் 40 விழுக்காடு கல் இருந்தால் அது 90 மி.மீ. ஆகிவிடும். ஆழமும் 60 செ.மீ.தான் என்றால் 54 மி.மீ. மட்டுமே. வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 3 முதல் 4 மி.மீ. செலவாகும் என்று கொண்டால், கல்லற்ற ஆழமான நிலம் ஆறு வாரம் தாங்கும் இடத்தில் உங்கள் சரிவு இரண்டு வாரத்திலேயே வறண்டுவிடும். செடிகளைப் பூக்க வைக்கும் கோடை மழை மார்ச், ஏப்ரலில் வரும்வரை அது தாங்காதது இயல்பே.

ஓரிகன் மலைகளின் மணற்பாறைத் துண்டுகளைப் போல நம் கற்கள் உதவாது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட். சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியிலும் கிடைக்கும் இந்தக் கருநிறப் பாறைக்கு, கொல்கத்தாவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லாக அது இருந்ததை வைத்து 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் பெயரிட்டார். சிதையாத சார்னோக்கைட் துண்டு நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. மலையுச்சியின் சமதளங்களில் நெடுங்காலச் சிதைவால் பாக்சைட்டும் செம்மண்ணும் ஆழமாக உருவாயின. சரிவுகளில் அதற்கு நேரம் கிடைப்பதற்குள் மண் கீழே நகர்ந்துவிடுகிறது. ஒரே தோட்டத்தில் மேட்டுச் சமதளமும் சரிவும் வெவ்வேறாக நடந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

கல்லின் அளவை நீங்களே அறியலாம். ஓர் அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, வந்த மண் முழுவதையும் சலித்து, தங்கிய கற்களைக் கழுவி, நீர் நிறைந்த வாளியில் போட்டு, வழியும் நீரை அளந்துகொள்ளுங்கள். ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். வழிந்தது 11 லிட்டர் என்றால் உங்கள் மண்ணில் கல் சுமார் 40 விழுக்காடு. எடைபோட்டுப் பார்ப்பது ஏமாற்றும்: கல் கனமானது என்பதால், எடையில் பாதி கல்லாக இருக்கும் மட்கு நிறைந்த மண்ணில் கன அளவில் கால் பங்கைச் சற்றே தாண்டித்தான் கல் இருக்கும்.

கேள்வி: நிலவரைபட அறிக்கைகளில் '90 விழுக்காடு சரிவு' என்று போடுகிறார்கள். கிட்டத்தட்டச் செங்குத்து என்று கொள்ளலாமா?
— ஒரு கல்லூரி மாணவர், ஓமலூர்

பதில்: கூடாது. கிடைமட்டமாக 100 அடி போனால் எத்தனை அடி ஏறுகிறோம் என்பதே விழுக்காடு. 100 விழுக்காடு என்பது 45 டிகிரி. 90 என்பது 42. 60 என்பது 31. 30 விழுக்காடு 17 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. ஆயினும் 42 டிகிரிச் சரிவில் கைகளை ஊன்றாமல் ஏற முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: கல் நிறைந்த மண் நீரை உடனே வடித்துவிடும் என்றால், அத்தகைய சரிவுகளில் நிலச்சரிவே வரக்கூடாது அல்லவா? மரங்களை வெட்டினால் பாரம் குறையும் என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் வாதிடுகிறார்.
— ஒரு வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: பாரத்தைப் பற்றிய வாதத்தில் சிறு உண்மை உண்டு, வேரை மறந்துவிட்ட உண்மை அது. காட்டுச் சரளை மண்ணில் மழைநீர் மேற்பரப்பில் ஓடுவது அரிது. அது நேராக உள்ளே இறங்கி, பாறையைத் தொட்டதும் பாறையின் மேலாகச் சரிவில் நகர்ந்து, மலைமடிப்பின் பள்ளங்களில் வந்து சேர்கிறது. மண் தலைமுறை தலைமுறையாக வந்து குவிந்து ஆழமாக இருப்பதும் அதே பள்ளங்களில்தான். வடியும் வேகத்தைவிட வந்து சேரும் வேகம் கூடும்போது, துளைகளில் நிறைந்த நீரின் அழுத்தம் கற்களை ஒன்றிலிருந்து ஒன்று சற்றே விலக்கி உராய்வைக் குறைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் மண்ணைப் பிடித்து நிறுத்துவது வேர்களின் பின்னல். ஓரிகன் கடலோர மலைகளில் அளந்தபோது, இயற்கைக் காட்டில் வேர்கள் தரும் பிணைப்பு 25 கிலோபாஸ்கலுக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேலும், மரம் வெட்டிய சரிவுகளில் 10-க்கு மிகாமலும் இருந்தது.

மரத்தை வெட்டிய மறுநாளே ஆபத்து வருவதில்லை என்பதுதான் இதில் மனிதரை ஏமாற்றும் செய்தி. வெட்டிய மரத்தின் வேர்கள் மட்கச் சில ஆண்டுகள் ஆகும். புதிய மரங்களின் வேர்கள் வலுப்பெற அதைவிடக் கூடுதல் காலம் ஆகும். இரண்டுக்கும் இடைப்பட்ட, ஏறத்தாழ மூன்றாம் ஆண்டு முதல் பதினைந்தாம் ஆண்டு வரையிலான காலமே சரிவு மிகவும் பலவீனமாக இருக்கும் காலம். வெட்டியவர் யார், சரிந்தது ஏன் என்ற தொடர்பு அதற்குள் ஊருக்கு மறந்துபோயிருக்கும்.

ஓரிகனில் கூஸ் பே நகருக்கு அருகில், மரம் வெட்டப்பட்ட சுமார் 43 டிகிரிச் சரிவுள்ள ஒரு சிறு பள்ளத்தில் ஆய்வாளர்கள் கருவிகள் பதித்து, செயற்கை மழை பெய்வித்து, நீர் எவ்வழி செல்கிறது என்று 1990-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தனர். 1996 நவம்பர் பெருமழையில் அந்தச் சரிவே சரிந்து சேறும் கல்லுமாக ஓடிவிட்டது. பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிய நீர் சில இடங்களில் மீண்டும் மேல்நோக்கி மண்ணுக்குள் ஊறி வந்ததை அங்கே கண்டார்கள். மேலே வடிகால் வெட்டிவிட்டால் போதும் என்று நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் கடலோர மலை என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளச் சரிவைத்தான் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் நேர்ந்த நிலச்சரிவை வாசகர்கள் மறந்திருக்க முடியாது. சேர்வராயன் கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே இருப்பதாலும், மழை அந்த அளவுக்கு இல்லாததாலும் இங்கே ஆபத்து குறைவு. ஆனால் சாலைக்கோ வீட்டுக்கோ சரிவின் அடியை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்புறப் பள்ளத்தில் தள்ளி, மேலே மதகின் நீரையும் அதே பள்ளத்துக்குத் திருப்பிவிட்டால், குறைந்த மழையே போதுமானது. நிழல் மரங்களை எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் வெட்டாமல், பள்ளங்களை ஒட்டியவற்றை விட்டுவைத்து, புதிய கன்றுகள் வேரூன்றிய பிறகு மற்றவற்றைப் படிப்படியாக எடுங்கள்.

கேள்வி: தோட்டத்துச் சரளையைப் பொறுக்கி அப்புறப்படுத்த ஆள் வைக்கலாமா?
— ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: கூலியை மிச்சப்படுத்துங்கள். மேற்பரப்பில் கிடக்கும் சரளை, மழைத்துளி நேராக மண்ணில் அறைவதைத் தடுக்கிறது. வெயிலில் ஈரம் ஆவியாவதையும் குறைக்கிறது. அதை அள்ளிவிட்டால் முதல் பெருமழையிலேயே நுண்மண் ஓடைக்குப் போய், அடியிலிருந்து அடுத்த வரிசைச் சரளை தலைகாட்டும். நடவுக் குழியில் கிடைக்கும் பெரிய கற்களை மட்டும் எடுத்து, சம உயரக் கோட்டில் கல் வரப்பாக அடுக்குங்கள்; சுண்ணாம்போ சிமெண்டோ பூசி இடுக்கை அடைக்க வேண்டாம், நீர் கசிந்து போக வழி வேண்டும். சருகைக் கூட்டி எரிக்காமல் அந்த வரப்பின் மேற்புறத்தில் போட்டு வாருங்கள்.