அலாரம் அடிக்காத அந்த விடியற்காலை

(குழித்துறைப் பக்கம் தனியாக இருக்கும் 67 வயது அம்மாவின் சர்க்கரையை ஷார்ஜாவிலிருந்து ஆப் வழியாகக் கவனித்துவரும் மகனுக்கு)

தம்பி, ஒன்பது கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என்னை நிறுத்தியது, கேள்வியாகவே வராத ஒரு வரி. ‘போன வாரம் ரப்பர் வெட்டப் போன இடத்தில் அம்மாவுக்குக் கொஞ்சம் தளர்ச்சி. வேர்த்து ஊற்றி என்னவோ உளறினாராம். பக்கத்து விளை அக்கா இனிப்புத் தூக்கலாக ஒரு கட்டன் சாயா கொடுத்ததும் சரியாகிவிட்டது.’

அது தளர்ச்சி இல்லை, தாழ்சர்க்கரை. மூளைக்குப் போதிய சர்க்கரை எட்டாமல் பேச்சு குழறும் அளவுக்கு இறங்கியிருக்கிறது. கையில் வெட்டுக்கத்தி, சுற்றிலும் இருட்டு. அந்த அக்கா பக்கத்தில் இருந்தது அம்மாவின் அதிர்ஷ்டம்.

நீங்கள் பயந்தது இரவு இரண்டு மணிக்கு ஆப் காட்டிய 58-ஐப் பார்த்து. அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கோடு சட்டென்று செங்குத்தாக விழுந்து, நீங்கள் போன் செய்து எழுப்பியதும் அதே வேகத்தில் ஏறிவிட்டது. அம்மாவுக்கு வேர்வையும் இல்லை, படபடப்பும் இல்லை. சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து ஆப்புக்கு அனுப்பும் சென்சார் ஒட்டியிருப்பது இடது கையில். அந்தப் பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்திருப்பார். சென்சார் அளப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் இருக்கும் திரவத்தை. கை அழுந்தினால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இன்னொரு முறை வந்தால் விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

அப்படியானால் விடியற்காலை ஏன் அலாரம் அடிக்கவில்லை? போன் வீட்டில், அம்மா விளையில். ஆனால் சென்சார் சில மணி நேரப் பதிவைத் தனக்குள் வைத்திருந்து, போன் அருகில் வந்ததும் கொடுத்துவிடும். அந்த நாளின் ஐந்து மணியைத் திறந்து பாருங்கள்.

இனி மருந்துச் சீட்டுக்கு வருவோம். மார்த்தாண்டத்தில் ஒரு மருத்துவர், திருவனந்தபுரத்தில் இன்னொருவர். எல்லையோரத்தில் இது வழக்கம்தான். ஆனால் இரண்டு அட்டையிலும் பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒன்றே: கிளிமிபிரைடு. ஒருவர் எழுதியது 2 மில்லிகிராம், மற்றவர் எழுதிய கூட்டு மாத்திரையில் இன்னொரு 1. இரண்டு மாநிலத்து மாத்திரை போதாதென்று, ஆப்பில் 230 தெரிந்த நாளில் வளைகுடாவிலிருந்து நீங்கள் போனில் ஓர் அரை மாத்திரை வேறு கூட்டியிருக்கிறீர்கள். யார் கொடுத்த தைரியம் இது?

கிளிமிபிரைடுக்கு நீங்கள் சாப்பிட்டீர்களா என்ற கவலை கிடையாது. வயிறு காலியாக இருந்தாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும். ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அதற்கு மேலும். உங்கள் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை புரிகிறது. மழை பெய்தால் வெட்டு இல்லை. அம்மா வீட்டிலிருக்கிறார், மரச்சீனியும் சாளைக் கறியும், சர்க்கரை 230. உடனே உங்கள் அரை மாத்திரை. மறுநாள் வானம் வெளுக்கிறது. காலை மாத்திரையையும் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் நாலு மணிக்கே மரம் மரமாக நடை. சாப்பாடு எட்டரைக்கு. அவர் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அரை மாத்திரை இன்றோடு நிற்கட்டும். இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு அம்மா நாளையே ஒரே மருத்துவரிடம் போகட்டும். எந்த மாநிலம் என்பது அவர் இஷ்டம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, கிரியாட்டினின், பார்க்க வேண்டும். கிளிமிபிரைடு தொடருமானால் அதன் இடம் எட்டரை மணிச் சாப்பாட்டோடு, விளைக்குக் கிளம்பும் முன் இல்லை. பிரஷர் மாத்திரை என்ன சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. சில வகை பிரஷர் மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வேர்வை மட்டும் மிஞ்சும். விளையில் வேர்ப்பதை யார் கவனிப்பார்கள்?

மறுபடி வேர்த்து நடுங்கினால் மூன்று ஸ்பூன் சர்க்கரை, தண்ணீரில் கலக்கி. பதினைந்து நிமிடம் கழித்து அளவு பார்த்து, 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி. பிறகு சாப்பாடு. இந்த மாத்திரையில் ஒரு முறை தேறியவருக்குச் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கலாம், அதனால் அன்று தனியாக விடக் கூடாது. நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108.

மற்றவை: மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்காது. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அளவைக் குறைப்போம், மிகவும் தளர்ந்திருந்தால் நிறுத்துவோம், அவ்வளவுதான். கெடுக்கும் என்று சொல்லும் அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். 230-க்காக இன்சுலின் வேண்டாம். மரச்சீனியைப் பாதியாக்கி மீனைக் கூட்டினால் அந்தக் கோடு தானே தணியும். ஆப் தினமும் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்கிறதாம், ஓட்ஸ் சாப்பிடச் சொல்கிறதாம். ரப்பர் வெட்டுகிறவருக்கு நடக்கச் சொல்லித்தர ஓர் ஆப்! மழை நாளில் மட்டும் சாப்பிட்ட பின் திண்ணையோரம் கால் மணி நேரம் நடக்கட்டும். இந்த வயதில் நாளில் பாதி நேரத்துக்கு மேல் சர்க்கரை 70-க்கும் 180-க்கும் நடுவில் இருந்தாலே போதும். 70-க்குக் கீழே மட்டும் நாளொன்றுக்குக் கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

சென்சார் வருடம் முழுக்க வேண்டியதில்லை. மாத்திரையை மாற்றியதும் ஒரு பதினான்கு நாள், அதன் பதிவை மருத்துவர் பார்க்கட்டும். அதுவரை போனும் ஒரு பொட்டலம் சர்க்கரையும் அம்மாவின் மடியில் இருக்கட்டும். கிளம்பும் முன் ஒரு பழமோ இரண்டு இட்லியோ உள்ளே போகட்டும். ஆப்பில் எச்சரிக்கை போகிற இடத்தில் அந்தப் பக்கத்து விளை அக்காவின் எண்ணையும் சேருங்கள். இங்கே நாலரை என்றால் உங்களுக்கு அங்கே மூன்று மணி. அவர் அதற்குள் சாயா போட்டிருப்பார்.