சொந்தக் கட்சியின் முடிவை ஒரு எம்.எல்.ஏ. எதிர்த்தால் பதவி போய்விடுமா?

எதிர்ப்பது எங்கே, எப்படி என்பதைப் பொறுத்தது. 1985-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், கட்சிக் கூட்டத்தில் சண்டை போடுவதைத் தடுக்கவில்லை. கட்சி உறுப்பினர் பதவியைத் தானாக விட்டுவிட்டாலோ, கொறடா உத்தரவை (அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கட்டளையை) மீறி அனுமதியில்லாமல் வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோதான் சிக்கல். அப்படி மீறியதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் அதுவும் இல்லை.

'தானாக விட்டுவிடுதல்' என்பதற்கு ராஜினாமா கடிதம் தேவையில்லை. நடத்தையை வைத்தே முடிவு செய்யலாம் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகுதி நீக்கத்துக்கான கதவு அங்கேதான் அகலமாகத் திறந்தது.

தமிழ்நாட்டையே பாருங்கள். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ.பன்னீர்செல்வம் உட்பட 11 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். பதவி போகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அ.தி.மு.க.வின் டி.டி.வி. தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் 18 பேரைச் செப்டம்பரில் சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். இவர்கள் அவையில் எதிர்த்து வாக்களிக்கவே இல்லை! 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை உறுதி செய்தது.

சட்டப்படி இரண்டும் வேறு வேறு வழக்குகள்தான், சரி. ஆனால் முதலில் தீர்ப்புச் சொல்பவர் சபாநாயகர். அவர் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். பன்னீர்செல்வம் அணி அதற்குள் கட்சியோடு இணைந்து, அவரே துணை முதல்வராகவும் ஆகிவிட்டார். என் பார்வையில் அந்த 11 பேரைக் காப்பாற்றியது சட்ட நுணுக்கத்தைவிட அந்தச் சமரசம்தான்.