ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு இமை அறுவை சிகிச்சைக்குப் போகலாமா?

கேள்வி: என் வயது 56. மேல் இமைகளின் தோல் தளர்ந்து தொங்குவதால் எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் தெரிகிறேன். இரண்டு மாதங்களில் மகளுக்குத் திருமணம்; அதற்குள் இமைகளைச் சரிசெய்துகொள்ள விரும்புகிறேன். எட்டு மாதங்களுக்கு முன் இதய ரத்தக்குழாயில் மருந்து பூசிய ஸ்டென்ட் (குழாயைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழல்) பொருத்தினார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுகிறேன். அழகு சிகிச்சை நிலையத்தில், ‘பத்து நாள் முன்பு ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு வாருங்கள்’ என்கிறார்கள். நிறுத்தலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட்டின் உட்புறம் திசு படர்ந்து மூடும்வரை அதன்மேல் ரத்தம் உறையாமல் காப்பவை ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகிய இரு மாத்திரைகள்தாம். திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரக்கூடும். அதே சமயம், அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அறுவை சிகிச்சை செய்துகொள்வதும் உகந்ததன்று. அரிதாகவே நேர்ந்தாலும், இமை அறுவையின்போது கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து, பார்வை நரம்பை அழுத்திப் பார்வையையே பறித்துவிடும்.

அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை, ஸ்டென்ட் வைத்தபின் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தள்ளிப்போடுவதே வழக்கம். அந்தக் கெடு உங்களுக்கு முடிந்துவிட்டதா என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், திருமணம் முடியட்டும் என்பேன். அறுவைக்குப் பின் இமையில் கன்றிய நீலம் மறையவே ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும்; வீக்கம் முழுவதும் வடிய அதைவிட அதிக நாட்கள் பிடிக்கும்.

பிறகு அனுமதி கிடைத்தால், நீங்கள் சாப்பிடும் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி அறுவை மருத்துவரிடம் கொடுங்கள். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் அவற்றையும், ‘இதெல்லாம் மருந்தா?’ என்று பலர் சொல்லாமல் விடும் சூரணம், லேகியத்தையும் சேர்த்தே எழுதுங்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அதைப் பொதுவாக மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, கண் வறட்சி ஆகியவற்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வறண்ட கண்ணில் இமைத் தோலை அதிகமாக வெட்டினால், கண்ணை முழுதாக மூட முடியாமல் அவதிப்பட நேரும்.

இதய நோயாளியை, இதய மருத்துவரின் கடிதம் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச்சொல்லும் இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் பெற்றவரையோ, இமை அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற கண் மருத்துவரையோ அணுகுங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் யார், இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் வசதி உண்டா என்றும் தயங்காமல் கேளுங்கள். இரவில் அழைத்தால் பேசக்கூடிய எண்ணையும் முன்கூட்டியே வாங்கிவையுங்கள். அறுவைக்குப் பின் கடும் வலியோ, கண் பிதுங்குவதோ, பார்வை மங்குவதோ தெரிந்தால் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.