பெர்க்லியைக் கணக்கில் சேர்ப்பதற்கு முன் சான் ஹோசேயைக் கணக்கிடுங்கள்

கேள்வி: நாங்கள் கலிபோர்னியாவில் சன்னிவேலில் வசிக்கிறோம், பச்சை அட்டை பெற்றுவிட்டோம். மகள் வரும் ஜூனில் உயர்நிலைப் பள்ளியை முடிக்கிறாள். கணினி அறிவியல் படிக்க யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) ரிவர்சைடு வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்கள் இல்லை என்றுவிட்டன. வீட்டிலிருந்தே டி அன்சா கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு ஆண்டுப் படிப்பைத் தரும் அரசுக் கல்லூரி) இரண்டு ஆண்டுகள் கட்டணமில்லாமல் படித்து, பிறகு பெர்க்லிக்கு டிரான்ஸ்ஃபர் ஆனால் 70,000 டாலர் மிச்சமாகும் என்கிறார் என் கணவர். எங்கள் ஆண்டு வருமானம் 1,65,000 டாலர். 529 கணக்கில் (படிப்புக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) 90,000 டாலர் இருக்கிறது. ரிவர்சைடு இடத்தை விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் கணவர் போட்ட கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. யூசி வளாகங்களில் படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 15,000 டாலர். விடுதி, சாப்பாடு, காப்பீடு, புத்தகம் எல்லாம் சேர்ந்தால் 40,000 டாலரைத் தாண்டிவிடும். நான்கு ஆண்டு ரிவர்சைடு என்றால் 1,60,000 டாலருக்குக் குறையாது. டி அன்சாவில் ஒரு காலாண்டு யூனிட்டுக்கு (பாட அலகு) 31 டாலர்தான், முதல் இரண்டு ஆண்டுகள் முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு அதையும் பிராமிஸ் என்ற கட்டண உதவித் திட்டம் ஏற்றுக்கொள்கிறது. எனவே அவர் சொல்லும் மிச்சம் உண்மையானதே. ஆனால் அந்தத் தொகை, இரண்டு ஆண்டு கழித்துப் பெர்க்லியின் கதவு திறக்கும் என்ற ஒரே அனுமானத்தின் மேல் நிற்கிறது. திறக்காவிட்டால் மகள் எங்கே படிப்பாள், அதற்கு எவ்வளவு ஆகும் என்ற வரி அவருடைய தாளில் இல்லை. என் பதில் முழுவதும் அந்த விடுபட்ட வரியைப் பற்றியதுதான்.

டிரான்ஸ்ஃபர் மாணவர்களில் கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருபவர்களுக்கு யூசி முதல் முன்னுரிமை தருகிறது. ரிவர்சைடில் சேர்ந்துவிட்டு அங்கிருந்து பெர்க்லிக்குத் தாவ நினைப்பவர்களும் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். இதைக் கேள்விப்பட்டுத்தான் பலர் டி அன்சா வழி எளிது என்று எண்ணிவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் முழுவதற்குமான சேர்க்கை விகிதம் வேறு, கணினி அறிவியலுக்கான விகிதம் வேறு. பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இந்த மேஜருக்கு (முதன்மைப் பாடம்) விண்ணப்பிக்கும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இடம் கிடைக்கிறது. வளாகம் வாரியாக, மேஜர் வாரியாக இந்த விவரத்தை, சேர்ந்தவர்களின் மதிப்பெண் வரம்போடு, யூசியே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. இன்று இரவே கணவரும் மகளும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பாருங்கள்.

‘டேக்’ என்று அழைக்கப்படும் உறுதிச் சேர்க்கை ஒப்பந்தத்தையும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள்தான் அதைத் தருகின்றன; பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் தருவதில்லை. தரும் வளாகங்களிலும் இர்வைன் போன்றவை கணினி அறிவியலை அந்த உறுதிக்கு வெளியே வைத்திருக்கின்றன, பட்டியலும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. கணிதத்தில் சேர்ந்து உள்ளே போன பிறகு கணினி அறிவியலுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற யோசனையைப் பெர்க்லியையும் சான் டியேகோவையும் பொறுத்தவரை மறந்துவிடுங்கள்.

அடுத்தது காலம். கம்யூனிட்டி காலேஜ் வழியில் பணம் கரையும் இடம் கட்டணச் சீட்டில் தெரிவதில்லை, மூன்றாவது ஆண்டில்தான் தெரிகிறது. டி அன்சாவில் கால்குலஸ் 1ஏ, 1பி, 1சி, 1டி என்று நான்கு காலாண்டுத் தொடர். நிரலாக்கம் 22ஏ, 22பி, 22சி என்று இன்னொரு தொடர். இவற்றோடு லீனியர் அல்ஜீப்ரா, டிஸ்கிரீட் கணிதம், சில வளாகங்களுக்கு இயற்பியலும் உண்டு. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் பெயர் கொடுக்க முடியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பதிவுத் தேதி பின்னால் வரும். அதற்குள் 22ஏ வகுப்பு நிரம்பி வெயிட்லிஸ்டில் பதினாறாவது பெயராக நின்றால், முழுத் தொடரும் ஒரு காலாண்டு தள்ளிப்போகும். விண்ணப்பமோ சேர்வதற்கு முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே போய்விட வேண்டும். தேவையான பாடங்கள் அதற்கடுத்த வசந்த காலாண்டுக்குள் முடியாதென்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதுதான். டி அன்சாவில் கூடுதலாக ஓர் ஆண்டு இருக்கச் செலவு குறைவு. ஆனால் வேலைக்குப் போய் வாங்கியிருக்க வேண்டிய ஓர் ஆண்டுச் சம்பளம் போகிறது. உங்கள் கணவரின் 70,000 டாலரில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும்.

இன்னொரு சிறு விஷயம்: 2022 முதல் யூசி, மாணவர் சேரும் ஆண்டின் படிப்புக் கட்டணத்தை ஆறு ஆண்டுகள் வரை மாற்றாமல் வைத்திருக்கிறது. இப்போது ரிவர்சைடில் சேர்ந்தால் 2026-இன் கட்டணம். 2028-இல் டிரான்ஸ்ஃபர் ஆனால் 2028-இல் சேர்பவர்களின் கட்டணம். வித்தியாசம் பெரிதல்ல, ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது விடுபட்ட வரிக்கு வருவோம். உங்கள் வீட்டிலிருந்து தினமும் போய்வரும் தூரத்தில் சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது சேர்ந்திருக்கும் ‘கால் ஸ்டேட்’ (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்; யூசியிலிருந்து வேறானது) வளாகங்களின் படிப்புக் கட்டணம் 2025–26-இல் 6,450 டாலர். ஆண்டுக்கு ஆறு விழுக்காடு வீதம் ஏறிவருகிறது. டி அன்சாவில் இரண்டு ஆண்டு, சான் ஹோசேயில் இரண்டு ஆண்டு, வீட்டுச் சாப்பாடு என்றால் பட்டம் முழுவதற்கும் கல்லூரிகளுக்குக் கட்டும் தொகை 20,000 டாலர் அளவில் முடிந்துவிடும். 529 கணக்கில் பாதிக்கு மேல் மிஞ்சும். அங்கும் கணினி அறிவியலுக்குப் போட்டி உண்டு. டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம் (கம்யூனிட்டி காலேஜின் இரண்டு ஆண்டுப் பட்டம்) கால் ஸ்டேட்டில் எங்காவது ஓர் இடத்தை உறுதி செய்யுமே தவிர, இந்த வளாகத்தில் இந்த மேஜரை உறுதி செய்யாது. ஆயினும் பெர்க்லியைப் போல எட்டாத கனி அல்ல. சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனங்களுக்கு ஏராளமான பொறியாளர்களை அனுப்பும் கல்லூரி அது. நம்மவர்கள் கூடும் விருந்துகளில் அதன் பெயரைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்வது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எந்த வழியில் போனாலும் வரிச்சலுகையில் கவனம் தேவை. அமெரிக்கன் ஆப்பர்ச்சுனிட்டி கிரெடிட் என்ற கல்வி வரிக்கழிவு ஆண்டுக்கு 2,500 டாலர் வரை தரும். ஒரு மாணவருக்கு நான்கு வரி ஆண்டுகள் மட்டுமே. 2026 செப்டம்பரில் தொடங்கி 2030 ஜூனில் முடியும் படிப்பு ஐந்து வரி ஆண்டுகளைத் தொடுகிறது. டி அன்சாவுக்குப் போவதானால், புத்தகத்துக்கு மட்டும் செலவழிக்கும் 2026-இல் கிரெடிட் கேட்டு ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால், வருமானம் 1,60,000 டாலருக்கு மேல் போகும்போது இந்தக் கிரெடிட் குறையத் தொடங்கி 1,80,000-இல் மறைந்துவிடும். 1,65,000-இல் உங்களுக்குக் கால்பங்கு போகும். 401(கே) ஓய்வூதியச் சேமிப்பில் கூடுதலாக 5,000 டாலர் போட்டால், கணக்கில் வரும் வருமானம் அந்த அளவு குறைந்து, கிரெடிட் முழுதாகத் திரும்பும். கிரெடிட் கேட்கும் ஆண்டில் முதல் 4,000 டாலர் கட்டணத்தை 529-இலிருந்து எடுக்காமல் கையிலிருந்து கட்டுங்கள்; ஒரே செலவுக்கு இரண்டு சலுகை கிடையாது. மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப் என்ற மாநில உதவித்தொகை உங்கள் வருமானத்துக்கும் உண்டு, யூசியிலும் கால் ஸ்டேட்டிலும் படிக்கும்போது; டி அன்சாவின் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடையாது. அதற்காக ஆண்டுதோறும் மார்ச் 2-க்குள் ஃபாஃப்சா என்ற நிதியுதவி விண்ணப்பப் படிவத்தை நிரப்புங்கள்.

என் கருத்தைக் கேட்டால்: பெர்க்லிக்காக மட்டும் ரிவர்சைடை விடுவது, இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போவதாகும், அதை நான் ஏற்கமாட்டேன். 529-இல் இருப்பது போக ரிவர்சைடுக்கு இன்னும் 70,000 டாலர் கடன் வாங்க வேண்டியிருக்கிறது, அது வேண்டாம் என்பதே காரணமானால், டி அன்சா நல்ல முடிவு. ஆனால் சான் ஹோசேயை இலக்காக வைத்து, யூசி வளாகங்களுக்கும் விண்ணப்பித்துப் பார்க்கும் முடிவாக அது இருக்க வேண்டும். மே 1-க்குள் ரிவர்சைடுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் மகளிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 2028 ஏப்ரலில் பெர்க்லியிலிருந்து மறுப்புக் கடிதம் வந்தால், அந்த இலையுதிர் காலத்தில் சான் ஹோசேக்கு மனத்தாங்கல் இல்லாமல் போவாளா? தயங்கினால், ரிவர்சைடுக்கு முன்பணத்தைக் கட்டிவிடுங்கள்.