கலகம் வெடிக்கும் இரவில் கேப்டனால் என்ன செய்ய முடியும்?

கேள்வி: 1797-இல் நடக்கும் ஒரு தொடர்கதை எழுதுகிறேன். நாயகன் 24 வயது பிரிட்டிஷ் போர்க்கப்பல் கேப்டன். நள்ளிரவில் மாலுமிகள் கலகம் செய்கிறார்கள். அவன் வாளை உருவிக்கொண்டு தனியாக நின்று பேசி அடக்குகிறான். இது நம்பும்படி இருக்குமா? அந்த வயதில் கேப்டனாக முடியுமா?

பதில்: வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். பின்னாளில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் 20 வயதிலேயே போர்க்கப்பல் கேப்டன் ஆனவர். எனக்கு இடிப்பது அந்த வாள் காட்சிதான்.

நீங்கள் எடுத்துக்கொண்ட அதே 1797-இல், கரீபியன் கடலில், ஹெர்மியோனி என்ற போர்க்கப்பலுக்குக் கேப்டனாக இருந்தவர் ஹ்யூ பிகட். வயது 28. ஒரு நாள் பாயில் கயிறு ஒன்று சரியாகக் கட்டப்படவில்லை என்று டேவிட் கேசி என்ற இளம் அதிகாரியை எல்லோர் முன்னிலையிலும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேசி மன்னிப்புக் கேட்டார், மண்டியிட மட்டும் மறுத்தார். 12 சாட்டையடி, பதவியும் போனது. அதிகாரிக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன என்று கீழே இருப்பவன் நினைப்பானா, மாட்டானா?

அடுத்து செப்டம்பர் 20. சூறைக்காற்று. பின்பாய்மரத்தின் மேல்பாயைச் சுருக்க ஆட்கள் ஏறியிருந்தார்கள். கடைசியாக இறங்குபவனுக்குச் சாட்டையடி என்று கீழிருந்து கத்தினார் பிகட். இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பாய் தொங்கும் குறுக்குக் கட்டையைப் பருமல் என்பார்கள். அதன் நுனிவரை போய் நிற்பவன்தான் கடைசியாகத் திரும்ப முடியும். நுனிக்கு அனுப்புவதோ கைதேர்ந்தவனை. அதாவது தண்டனை போய்ச் சேர்வது நல்ல வேலைக்காரனிடம். அவசரத்தில் மூன்று இளைஞர்கள் தளத்தில் விழுந்து செத்தார்கள். உடல்களைக் கடலில் எறியச் சொன்னார் கேப்டன். முணுமுணுத்தவர்களுக்கும் சாட்டையடி கிடைத்தது.

மறுநாள் இரவு மாலுமிகள், காவலுக்கு நின்ற சிப்பாயை அடித்துப் போட்டுவிட்டு பிகட்டின் அறைக்குள் புகுந்தார்கள். பிகட் கையில் குறுவாள் இருந்தது. அது அவரைக் காப்பாற்றவில்லை. வெட்டி ஜன்னல் வழியாகக் கடலில் தள்ளினார்கள். அதிகாரிகளில் மேலும் 9 பேர் கொல்லப்பட்டார்கள்.

ஆகவே, கதவு உடைந்த பிறகு நாயகன் பேசிப் பயனில்லை. அவனுக்கு இரண்டு வாரம் முன்கூட்டியே வேலை கொடுங்கள். அறிகுறிகள் இருக்கும். இருட்டில் தளத்தில், யாரோ அதிகாரிகளை நோக்கி உருட்டிவிட்ட பீரங்கிக் குண்டு உருண்டு வரும். முதலில் கையெழுத்திட்டவன் யார் என்று தெரியாதபடி வட்டமாகப் பெயர் போட்ட மனு வரும். அந்த மனுவை அவன் படிக்க வேண்டும். அதே ஆண்டு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு வெளியே, கப்பல்கள் நங்கூரமிடும் ஸ்பிட்ஹெட் கடற்பகுதியில் பெருங்கலகம் வெடிப்பதற்கு முன்பும் மாலுமிகள் மனுக்கள் அனுப்பினார்கள். யாரும் பொருட்படுத்தவில்லை. அவர்கள் கேட்டதில் ஒன்று, ஒரு பவுண்டு எடைக்கு 14 அவுன்ஸ் என்று குறைத்து அளக்காமல் 16 அவுன்ஸ் உணவு தரவேண்டும் என்பது.

கப்பலில் காவல் காக்கும் படைவீரர்களான மரைன் சிப்பாய்களையும் மறக்காதீர்கள். அவர்களின் படுக்கை மாலுமிகளுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவே இருக்கும். அவர்கள் யார் பக்கம் என்பதுதான் அந்த இரவின் முடிவு. பேச வேண்டுமென்றால் முதலில் அவர்களுடைய சார்ஜென்ட்டிடம் பேசட்டும்.

நாயகன் ஜெயிக்க வேண்டும் என்றால் தீசியஸ் கப்பலைப் பாருங்கள். அதுவும் 1797தான். கலகத்தின் விளிம்பில் இருந்த அந்தக் கப்பலுக்கு, அப்போது அட்மிரலாக இருந்த நெல்சனும் கேப்டன் மில்லரும் போனார்கள். சில வாரங்களில், ஒரு இரவு, அதிகாரிகள் நிற்கும் தளத்தில் ஒரு தாள் கிடந்தது. அட்மிரலுக்கும் கேப்டனுக்கும் வாழ்த்துச் சொல்லி, அவர்களுக்காக ரத்தம் சிந்தத் தயார் என்று எழுதியிருந்தது. தனிப்பெயர் எதுவும் இல்லை, கப்பல் ஆட்கள் என்று மட்டும் கையெழுத்து. வாள் காட்சிக்குப் பதில் உங்கள் 24 வயதுப் பையன் விடியற்காலையில் அப்படி ஒரு தாளைக் குனிந்து எடுப்பதை எழுதிப் பாருங்கள்.