ஓட்ஸ் விதைப்புக்கு நடுவே ஒரு திருமணம்

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்த நாட்களில், இரவில் உறக்கம் வராமல், கைப்பேசியில் ஆங்கில கௌபாய் காதல் நாவல் ஒன்றை வாசிக்கத் தொடங்கினேன். அதன்பின் இந்த நான்கு ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட நாவல்களை வாசித்துவிட்டேன். எல்லாமே 1870களின் டெக்சாஸ் அல்லது வயோமிங்கில் நடப்பவை. ஒன்றில் கதாநாயகி தன்னந்தனியாக முள்கம்பி வேலியைச் சரிசெய்துகொண்டிருப்பாள். அந்த வழியாக வருபவன் குதிரையிலிருந்து இறங்கி, ஒரு வார்த்தையும் பேசாமல் கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வான். அந்தப் பக்கத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கே இல்லை.

சென்ற மார்ச் 31 அன்று இரவு பத்து மணி வரை அலுவலகத்தில் இருந்து, இருப்பில் உதைத்துக்கொண்டிருந்த நான்கு மூட்டை நூலின் கணக்கைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு வீடு வந்தேன். அன்றும் தூங்கும் முன் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தேன். நான் தவறான காலத்தில் பிறந்துவிட்டேன் என்று உண்மையாகவே தோன்றுகிறது. இதெல்லாம் வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுவது என்கிறாள் என் தோழி. இது வெட்கப்பட வேண்டிய ஆசையா? அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நான் விரும்புவது எனக்குக் கிடைத்திருக்குமா?

அன்புடன்,
ந.

---

அன்புள்ள ந.,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். வெட்கப்பட இதில் எதுவுமில்லை. சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ் புத்தகங்களில் டெக்ஸ் வில்லரோடு பள்ளிப் பருவம் முழுக்க அலைந்தவன் நான். அந்த டெக்சாஸ்காரரை 1948இல் உருவாக்கியவர்கள் இத்தாலியர்கள் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் வாசிக்கும் நாவல் வகைக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க 'தி வர்ஜீனியன்' 1902இல் வெளிவந்தது. வெர்மான்ட்டிலிருந்து வரும் பள்ளி ஆசிரியைக்கும் வயோமிங் கௌபாய் ஒருவனுக்கும் இடையிலான காதல் அதில் பாதிக் கதை. அதை எழுதிய ஓவன் விஸ்டர் பிலடெல்பியாவில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர், உடல்நலம் தேறுவதற்காக 1885இல் முதன்முதலாக வயோமிங் சென்றவர். தான் காட்டப்போவது மறைந்துவிட்ட ஓர் உலகம் என்று அந்த நூலின் முன்னுரையிலேயே அவர் சொல்லிவிடுகிறார். போய்விட்ட ஒன்றை நினைத்து ஏங்குவதில்தான் இந்த இலக்கிய வகையே தொடங்கியிருக்கிறது. உங்கள் ஏக்கம் அந்தக் கதைகளுக்கு வெளியே இருந்து வந்ததல்ல, அவற்றின் கருவிலேயே இருந்ததுதான் என்பதைத் தோழியிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு விரைவாகப் பதில் சொல்ல இயலவில்லை. நீங்கள் திரும்பத் திரும்ப வாசிக்கும் அந்த வேலியிலிருந்தே தொடங்குகிறேன். முள்கம்பிக்கான காப்புரிமையை இல்லினாய் விவசாயி ஜோசப் கிளிடன் 1874இல் பெற்றார். அதற்கு முன் டெக்சாஸிலிருந்து வடக்கே பரந்த சமவெளியில் மாடுகள் வேலியின்றி மேய்ந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் நான்கு டாலருக்கு விற்ற மாட்டுக்கு வடக்கே நாற்பது டாலர் கிடைத்தது. அந்த விலை வித்தியாசத்துக்காகத்தான் இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகள் கொண்ட மந்தைகளைப் பத்துப் பன்னிரண்டு பேர், நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து மைல் வீதம், மாதக்கணக்கில் கன்சாஸ் ரயில் நிலையங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் கணிசமாக இருந்தார்கள். சுருக்குக்கயிறு, ரோடியோ, ராஞ்ச் என்று அந்தத் தொழிலின் பாதிச் சொற்களும் கருவிகளும் வக்கேரோக்கள் எனப்பட்ட மெக்சிகோ மாடோட்டிகளிடமிருந்து வந்தவை. மாதச் சம்பளம் முப்பது, நாற்பது டாலர். இரவில் மந்தையைச் சுற்றி இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் குதிரையை மெல்ல நடத்திக்கொண்டே பாடுவார்கள். குரல் கேட்டுக்கொண்டிருந்தால் மாடுகள் மிரளாது என்பதுதான் அந்தப் பாட்டின் காரணம்.

1866இல் தொடங்கிய அந்த வாழ்க்கை இருபதே ஆண்டுகளில் முடிந்துபோயிற்று. ரயில் பாதைகள் தெற்கே நீண்டன, 1886-87 குளிர்காலத்தில் வடக்குச் சமவெளியில் கால்நடைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன, திறந்த மேய்ச்சல் நிலத்தை முள்கம்பி துண்டுதுண்டாகப் பிரித்தது. உங்கள் நாயகன் பேசாமல் பிடித்துக்கொள்ளும் அந்தக் கம்பிதான் அவன் தொழிலையே முடித்துவைத்த கம்பி. அந்தப் பக்கத்தின் அழகைக் குறைப்பதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அந்த அழகு இப்போது கூடித் தெரிகிறது.

'அந்தக் காலம்' என்று நாம் ஒருமையில் சொல்வது ஒரு காலத்தை அல்ல, அந்தக் காலத்தில் ஓர் இடத்தை. அந்த இடத்தை நமக்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர் நாவலாசிரியர். டெக்சாஸின் வடகோடியில் பாலோ டுரோ என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. 1874 செப்டம்பரில் அங்கே முகாமிட்டிருந்த கொமாஞ்சி, கயோவா, செயன் பூர்வகுடி மக்களை அமெரிக்க ராணுவ அதிகாரி மெக்கன்சியின் படை விரட்டியது. அவர்களின் கூடாரங்களையும் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த உணவையும் எரித்து, பிடிபட்ட குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுக்கொன்றது. குதிரை இல்லாமல் அந்தச் சமவெளியில் வேட்டையும் இல்லை, வாழ்வும் இல்லை. அவர்கள் அரசு ஒதுக்கிய நிலங்களுக்குப் போய்ச் சரணடைய வேண்டியதாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1876இல், அதே பள்ளத்தாக்குக்குள் தன் மந்தையை இறக்கினார் சார்லஸ் குட்நைட். மாடோட்டிகளுக்கான சமையல் வண்டியை வடிவமைத்தவர் அவர்தான். மறு ஆண்டு அவர் மனைவி மேரி ஆன், எல்லோரும் மாலி என்று அழைத்தவர், அங்கே குடிவந்தார்.

மாலியின் இடத்தில்தான் உங்கள் நாவல்கள் உங்களை உட்காரவைக்கின்றன என்பதால் அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அடுத்த வீடு சுமார் எழுபத்தைந்து மைல் தொலைவில். கணவர் நாட்கணக்கில் மந்தையோடு போய்விடுவார். ஒருநாள் மாடோட்டி ஒருவன் சாக்கில் மூன்று கோழிகளைக் கொண்டுவந்து கொடுத்தான். சமைப்பதற்காகத்தான் கொடுத்தான். மாலி சமைக்கவில்லை. அவற்றை வளர்த்தார், அவற்றோடு பேசினார். அவர் போகும் இடமெல்லாம் அவை பின்னாலேயே வந்தன. அந்தக் கோழிகள் தனக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தன என்பது யாருக்கும் புரியாது என்று பின்னாளில் அவர் சொன்னார். நாவல்கள் நமக்குக் காட்டும் அந்த விரிந்த வானத்தின் அடியில், மூன்று கோழிகளிடம் பேசிக்கொண்டிருந்த அந்தப் பெண்மணியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துவிடுகிறது. அதே மாலிதான், வேட்டைக்காரர்கள் பைசன் என்னும் காட்டெருமை மந்தைகளைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தபோது, தாயை இழந்து திரிந்த கன்றுகளைக் காப்பாற்றி வளர்க்கும்படி கணவரைத் தூண்டியவர். அந்தக் கன்றுகளின் வழிவந்த மந்தை இன்றும் டெக்சாஸின் கேப்ராக் கேன்யன்ஸ் பூங்காவில் மேய்ந்துகொண்டிருக்கிறது.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் வேறொரு பெண்ணிடம் இருக்கிறது. எலினோர் புரூட் என்பவர் டென்வர் நகரில் துணி வெளுத்தும் வீட்டுவேலை செய்தும் ஜெரின் என்ற சிறு மகளோடு வாழ்ந்துவந்தார். 1909இல் வயோமிங்கின் பர்ன்ட்ஃபோர்க் பகுதியில் கிளைட் ஸ்டூவர்ட் என்ற பண்ணைக்காரருக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட, மகளோடு அங்கே போனார். தனக்கென நிலம் பெற வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் வரை நிலம் பெறும் உரிமையைத் தனித்து வாழும் பெண்களுக்கும் அளித்திருந்தது. வயோமிங்கோ 1869லேயே பெண்களுக்கு வாக்குரிமை தந்த மண். எலினோர் தன் பழைய எஜமானியம்மாளுக்கு எழுதிய கடிதங்கள் 1914இல் நூலாக வந்தன. மாடோட்டிகளின் பொற்காலம் அதற்கு வெகு முன்பே முடிந்திருந்தது என்றாலும், நீங்கள் தேடுவது அந்த நூலில் இருக்கிறது.

போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே எலினோருக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் திருமணம் நடந்துவிட்டது. உங்கள் நாவல்களில் வருவதைப் போலவே என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் அவர் அதை எப்படி எழுதுகிறார் பாருங்கள்: வசந்த காலத்தில் பண்ணைக்காரர்களுக்குக் கல்யாணம் செய்துகொள்ளக்கூட நேரமில்லை, ஆகவே ஓட்ஸ் விதைப்புக்கும் தள்ளிப்போட முடியாத மற்ற வேலைகளுக்கும் நடுவில் கிடைத்த இடுக்கில் திருமணத்தைச் செருகிக்கொண்டோம், காதலிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தோம் என்கிறார். சொந்தமாக நிலம் பெறப் போகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டவர் இப்படிச் செய்துவிட்டோமே என்ற கூச்சத்தில், இந்தச் செய்தியை எஜமானியம்மாளிடம் நீண்ட நாள் சொல்லவும் இல்லை. மாப்பிள்ளை ஸ்காட்லாந்துக்காரர். மாலை வேளைகளில் பேக்பைப் என்ற ஊதுகருவியில் ஒரே மெட்டை மணிக்கணக்கில் வாசிப்பவர்.

அந்தக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி புல் அறுப்பைப் பற்றியது. குளிர்காலத் தீவனத்துக்கான புல் முற்றிவிட்டது, கூலியாள் கிடைக்கவில்லை. ஆள் தேடி ஸ்டூவர்ட் புறப்பட்டுப் போனார். இளம் வயதிலேயே அந்த வேலையைக் கற்றிருந்தும் அதைச் சொல்லத் தயங்கியிருந்த எலினோர், அவர் தலை மறைந்ததும் தொழுவத்துக்குப் போய்க் குதிரைகளை அவிழ்த்துப் புல் அறுக்கும் இயந்திரத்தில் பூட்டி, நிலத்தில் இறங்கிவிட்டார். ஆள் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிய ஸ்டூவர்ட், தனக்கு இந்த வேலை தெரியும் என்று எலினோர் காட்டப் போதுமான அளவு புல் ஏற்கெனவே அறுபட்டுக் கிடப்பதைக் கண்டு வியந்தார், மகிழ்ந்தார். அந்தப் பருவம் முழுக்க ஏழு மாடுகளைக் கறந்து, பெரும்பாலான சமையலை இரவில் முடித்து, புல் அறுப்பு முழுவதையும் தானே செய்ததாக எலினோர் எழுதுகிறார். அந்த வரிகளில் புகார் ஏதும் இல்லை. பெருமிதம் இருக்கிறது. உங்கள் நாவலில் வேலிக்கம்பியின் மறுமுனையைப் பிடிக்கும் கைக்கு நிகரானது, திரும்பி வந்தவர் அந்த நிலத்தைப் பார்த்து நின்ற நொடி என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே கடிதங்களில் இன்னொன்றும் இருக்கிறது. அவர்களுடைய முதல் ஆண் குழந்தை ஜேமி நோயில் இறந்துபோனான். சுற்றுவட்டாரத்தில் மருத்துவர் இல்லை, சடங்கு செய்ய மதகுருவும் இல்லை. தச்சுவேலை தெரிந்த தகப்பன் சிறு சவப்பெட்டியைத் தன் கையாலேயே செய்தார். தாய் அதன் உட்புறத்துக்குத் துணி வைத்துத் தைத்து, வேதாகமத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து இறுதி வழிபாடு நடக்கச் செய்தார். தனக்கென மனுச்செய்த நிலமும் அவர் பெயரில் நிலைக்கவில்லை. கணவனும் மனைவியும் தனித்தனி வீடுகளில் குடியிருப்பதாகச் சட்டத்துக்குக் காட்ட முடியாத நிலையில், 1912இல் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார், மாமியார் அதை எடுத்துக்கொண்டார்.

ஆக, நீங்கள் விரும்புவது அந்தக் காலத்தில் கிடைத்திருக்குமா? எலினோருக்குக் கிடைத்தது, ஜேமியையும் உள்ளடக்கிய ஒரு விலையில். மாலிக்குக் கிடைத்ததா என்று அந்தக் கோழிகளைத்தான் கேட்க வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் குதிரைகள் சுடப்படும் ஓசையைக் கேட்ட கொமாஞ்சிப் பெண்ணிடமிருந்து அந்தக் காலம் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டது. 1870கள் தன்னளவில் யாருக்கும் எதையும் தந்துவிடவில்லை. எலினோருக்குக் கிடைத்ததை ஒரு குறிப்பிட்ட மனிதர், ஒரு குறிப்பிட்ட மாலையில், அறுத்த புல்லைக் கண்ணால் பார்த்ததன் மூலம் தந்தார்.

உங்கள் கடிதத்தில் மார்ச் 31 இரவைப் பற்றி ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு, உடனே அந்த வேலிப் பக்கத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டேன். வேலியில் தனியாக நின்ற பெண்ணும், இரவு பத்து மணிக்கு விளக்கெரியும் கணக்கறையில் நான்கு மூட்டை நூலைத் தேடிக்கொண்டிருந்த பெண்ணும் எனக்கு வேறுவேறாகத் தெரியவில்லை. நாவல்களை விட வேண்டாம், தொடர்ந்து வாசியுங்கள். எலினோரின் கடிதங்களையும் வாசியுங்கள், காப்புரிமை முடிந்த நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அவர் புல் அறுத்த கதை நமக்குக் கிடைத்திருப்பது, அதை டென்வரில் இருந்த ஒரு பெண்மணிக்கு அவர் உட்கார்ந்து எழுதியதால்தான். உங்கள் அடுத்த கடிதத்தில் அந்த மார்ச் இரவை முழுதாக எழுதுங்கள். வித்தியாசம் எந்தப் பேரேட்டில் ஒளிந்திருந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், கணக்கு ஒத்துவந்தபோது அறையில் வேறு யார் இருந்தார்கள் என்பதையெல்லாம் நான் அறிய விரும்புகிறேன்.

அன்புடன்.