சந்தேகம் வந்தால் ஊதச் சொல்லலாமா?

கேள்வி: ஒரு ஆலையில் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) பகுதிக்கு ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் இப்போது என் ஷிப்டில் வேலை செய்கிறார். இரண்டு மாதமாக, நைட் ஷிப்டுக்கு வரும்போது சில நாள் அவரிடம் மது வாடை அடிக்கிறது. 'சந்தேகம் என்றால் ஊதச் சொல்' என்று மேனேஜர், ஊதினால் மது அளவைக் காட்டும் கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டார். அவரைப் போய் ஊதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்டுவிட்டு, நாளைக்குக் கை போய்விட்டால்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்கலாம். வாடை அடித்த நாள்களிலும் அவர் பிரஸ்ஸில் நின்றார் என்றுதான் கடிதத்தைப் படித்தால் புரிகிறது. முதலில் அதை நிறுத்துங்கள். மெஷினிலிருந்து ஒருவரை இறக்க, அவர் குடித்திருக்கிறார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. காய்ச்சலோடு வந்தவரை உட்கார வைக்க மாட்டீர்களா, அதே அதிகாரம் போதும். நிரூபணம் கேட்பது நடவடிக்கை எடுக்கும்போதுதான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டதால்தான் உங்களுக்கு வாய் வரவில்லை என்று நினைக்கிறேன்.

வாடையை மட்டும் வைத்து மெமோ கொடுத்துவிடாதீர்கள். மூச்சில் மது வாடை, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, விரிந்த கண்மணி எல்லாம் இருந்தும், ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஒருவர் போதையில் இருந்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று 1971-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் சொல்லியிருக்கிறது. கண்ணால் பார்த்ததைவிட அளந்து பார்ப்பதே மேல்; அந்த வகையில், ஊதுவது அண்ணனுக்கும் பாதுகாப்பு. கருவி பூஜ்யம் காட்டினால் 'அவர் சரக்கடிப்பார் சார்' என்ற பேச்சு அங்கேயே அடங்கும்.

நான் ஆலைகளில் பர்சனல் பிரிவில் இருந்தவன். ஒருமுறை வியர்த்து, நாக்குக் குழறி, நிற்க முடியாமல் நின்ற ஒருவரை நாங்கள் நாலு பேர் சேர்ந்து 'நல்லா ஏத்திட்டு வந்திருக்கான்' என்று கேட்டுக்கு அனுப்பிவிட்டோம். முதலுதவி அறை நர்ஸ் வந்து பார்த்துத்தான் சர்க்கரை கரைத்துக் கொடுத்தார். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்த மனிதர். சர்க்கரை இறங்கினால் ஆள் அச்சு அசலாகக் குடித்தவர் மாதிரியே இருப்பார். அதனால் முதல் கேள்வி 'குடிச்சீங்களா' இல்லை, 'உடம்புக்கு என்ன' என்பதுதான்.

சரி, சந்தேகம் என்றால் என்ன? அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்களுக்கு இதற்கென்றே விதி உண்டு. 1987-ல் மேரிலாந்தில் ரயில்கள் மோதி 16 பேர் இறந்தார்கள். மோதிய எஞ்சினின் ஓட்டுநர் கஞ்சா புகைத்திருந்தது தெரியவந்தது. அதன் தொடர்ச்சியாக, லாரி ஓட்டுநர்களையும் சேர்த்து 1991-ல் சட்டம் வந்தது. அதன்படி சூப்பர்வைசர் மது பற்றி ஒரு மணி நேரமும் போதைப்பொருள் பற்றி ஒரு மணி நேரமும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். தோற்றம், நடத்தை, பேச்சு, வாடை என்று அந்த நேரத்தில் தானே கண்டதைச் சொல்ல முடிய வேண்டும். காதில் விழுந்தது கணக்கில் வராது. நம் ஆலைகளில் தொழிலாளியை ஊதச் சொல்ல இப்படித் தனிச் சட்டம் கிடையாது. உங்கள் ஆலையின் நிலையாணைகளில், அதாவது வேலை விதிகளில், இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யூனியனோடு பேசி, யாரை, எப்போது, எந்த அளவுக்கு மேல் என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். சாலையில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்பது வரம்பு. பிரஸ்ஸுக்குப் பூஜ்யம்தான் சரி என்பேன்.

ஊதச் சொல்லும் நாளில், கண்டதை மணியோடு நோட்டில் எழுதுங்கள். கூட இன்னொருவர் இருக்கட்டும். லைனில் எல்லார் முன்னாலும் வேண்டாம், தனி அறைக்கு அழைத்துப் போங்கள். வாய் கொப்பளிக்கச் சொல்லி, 15 நிமிடம் கழித்து ஊதச் சொல்லுங்கள். மவுத்வாஷும் சில இருமல் டானிக்குகளும் வாயில் இருந்தாலே கருவி ஏமாறும். 'மதியம் குடிச்சேன், தூங்கி எழுந்துதான் வந்தேன்' என்பார். தூங்கினாலும் உடம்பு மணிக்கு, 100 மில்லி ரத்தத்தில் சுமார் 15 மில்லிகிராம்தான் கரைக்கும். மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். மறுத்தார் என்று எழுதிக்கொண்டு, அன்றைக்கு மெஷின் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

மேனேஜர் அடுத்து சிறுநீர்க் கிட் வாங்கி வருவார், பாருங்கள். அதில் கஞ்சா பல நாள் கழித்தும் காட்டும். கசகசா அரைத்த குருமா சாப்பிட்டவருக்கே அபின் வகை என்று காட்டிவிடும். இதற்காகவே அமெரிக்கா 1998-ல் அந்த வரம்பை 300 நானோகிராமிலிருந்து 2,000-க்கு உயர்த்தியது. லேப் உறுதி செய்யாமல் அதை வைத்து யார் மேலும் கை வைக்கக்கூடாது.

அப்புறம் அண்ணன் விஷயம். வாடை இல்லாத ஒரு நாள், ஆலைக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வீட்டில் ஏதோ நடந்திருக்கலாம். 'அண்ணே, இனிமே வாடை வந்தா யாரா இருந்தாலும் ஊதச் சொல்லுவேன், உங்களையும்தான்' என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுங்கள். தினமும் குடிப்பவர் என்றால், 'இன்னிக்கே நிறுத்துங்க' என்று சத்தியம் வாங்காதீர்கள்; திடீரென்று விட்டால் கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். டாக்டர் மேற்பார்வையில்தான் விட வேண்டும். 14446 போதை மீட்பு உதவி எண், கட்டணம் கிடையாது.

இன்னொன்று. மெஷினிலிருந்து இறக்கிய ராத்திரி அவரை அப்படியே கேட்டுக்கு வெளியே விட்டுவிடாதீர்கள். பைக் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, ஆள் போட்டு வீட்டுக்கு அனுப்புங்கள்.